சம்பந்திகள் பார்த்த பறவைகள்

பையனின் அம்மா: …அசையாதீங்க சம்பந்தி. கப்பக் கீழ வைக்காதீங்க. சத்தம் கேட்டாப் பறந்துடும்.

பெண்ணின் அம்மா: சுடுதுங்க!

பையனின் அம்மா: கொஞ்சம் பொறுத்துக்குங்க. அதோ, சன்னலுக்கு வெளிய, தீனி போட்டுத் தொங்கவிட்ட தட்டுல… தெரியுதா?

பெண்ணின் அம்மா: எங்க? நம்ம பசங்க இருக்கற இந்த ஊர்ல எனக்குப் பனிதான் தெரியுது. அதுக்கு நடுவுல ஒரு மொட்டை மரம்.

பையனின் அம்மா: என் விரலப் பாக்காதீங்க. விரல் காட்டுற இடத்தப் பாருங்க.

பெண்ணின் அம்மா: ஆ… அட! யாரு இவரு, புதுசா?

பையனின் அம்மா: அதத்தானே சொல்றேன். நேத்தெல்லாம் இல்ல. இன்னிக்குத்தான் வந்திருக்கார்.

பெண்ணின் அம்மா: நெஞ்சுல சிவப்பு… இல்ல, சிவப்பு இல்ல. செங்கல் நிறம். கழுத்துல கறுப்பா ஒரு பைப்பிங் வேற. நல்லா அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி இருக்கு.

பையனின் அம்மா: ஆரம்பிச்சுட்டீங்களா? எதப் பாத்தாலும் உங்களுக்குத் தையல்தான்.

பெண்ணின் அம்மா: தெச்சுத் தெச்சுப் பழகின கண்ணு. நீங்க மட்டும் என்னவாம்? நேத்து காக்கா கத்தினப்போ "ராங் நம்பர், வைங்க"ன்னு சொன்னது யாரு?

பையனின் அம்மா: டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல காலம் பூரா ஹெட்ஃபோன் மாட்டி உக்காந்தவளுக்கு வேற என்ன வாயில வரும்? …சரி, இப்பக் கப்ப வைக்கலாம். செங்கல் சட்டை போயிட்டார்.

பெண்ணின் அம்மா: விரலே வெந்துடுச்சு. உங்க பறவைக்கு நான் காவு.

பையனின் அம்மா: என் பறவையா? முந்தாநாள் பொழுது விடியறதுக்குள்ள என் ரூம் கதவத் தட்டி, "சம்பந்தி, தச்சர் வந்துட்டார், எழுந்து வாங்க"ன்னு கூப்பிட்டது நானா?

பெண்ணின் அம்மா: தச்சர் விஷயம் வேற. மரங்கொத்திங்க அது! அந்தப் போடு போடுதே, அதுக்குத் தலைவலி வராதா? எனக்கு ரெண்டு ஜாக்கெட் சேந்தாப்புல தெச்சாலே கழுத்து பிடிச்சுக்கும்.

பையனின் அம்மா: அதுக்கு ஓனர் கிடையாது. அவசர ஆர்டரும் கிடையாது… பாருங்க, பாருங்க, ஸ்கூல் பஸ்!

பெண்ணின் அம்மா: வந்துட்டாங்களா? ஒண்ணு, ரெண்டு… அட, இந்தக் குருவிக் கூட்டம் எண்ண விட மாட்டேங்குதுங்களே. வால் மட்டும் நீட்டமா, உடம்பு பஞ்சு உருண்டையா.

பையனின் அம்மா: வந்தா மொத்தமா வரும், போனா மொத்தமாப் போகும். ஒண்ணு பின்தங்கினாக்கூடக் கத்திக் கூப்பிட்டுத்தான் கிளம்புதுங்க.

பெண்ணின் அம்மா: குருவிங்க கொத்தறதுக்குத் தொங்கவிடற அந்தக் கொழுப்பு உருண்டைய நேத்து நீங்கதானே மாத்திக் கட்டினீங்க?

பையனின் அம்மா: பழசத் தீத்துட்டாங்க. குளிர்ல புழு பூச்சி கிடைக்காதுல்ல. தண்ணிச் சட்டியும் கல்லா உறைஞ்சு கிடந்துது. இன்னிக்கு விடியறதுக்குள்ள போய் வெந்நீர் ஊத்திட்டு வந்தேன்.

பெண்ணின் அம்மா: அந்த வேளையிலயே எழுந்துட்டீங்களா? அப்ப… பசங்க கிளம்பினதப் பாத்தீங்களா?

பையனின் அம்மா: ம்… பாத்தேன். சன்னல் வழியா.

பெண்ணின் அம்மா: ஒரே கார்லதான் போனாங்க.

பையனின் அம்மா: ஆமா. ஒரே கார்ல. நானும் பாத்தேன்.

பெண்ணின் அம்மா: முன் சீட்ல. பக்கத்துல பக்கத்துல.

பையனின் அம்மா: பின்ன, கார்ல மேலயும் கீழயுமா உக்காருவாங்க?

பெண்ணின் அம்மா: இல்ல… சும்மா சொன்னேன். எங்க போறோம்னு உங்ககிட்ட ஏதாவது…?

பையனின் அம்மா: ஏதோ ஆபீஸ்ல யாரையோ பாக்கணுமாம். உங்ககிட்ட?

பெண்ணின் அம்மா: அதேதான். யாரையோ பாக்கணுமாம்.

பையனின் அம்மா: ம்.

பெண்ணின் அம்மா: ம்… அதோ பாருங்க, ஆடிட்டர் வந்துட்டார்.

பையனின் அம்மா: புறாவா? எங்க?

பெண்ணின் அம்மா: தட்டுக்குக் கீழ. கையப் பின்னாடி கட்டிக்கிட்ட மாதிரி என்ன நடை! மேல இருக்கறவங்க சிந்தினத மட்டும்தான் சாப்பிடுவார். மேல ஏறிப் பாக்கக்கூட மாட்டார்.

பையனின் அம்மா: ஏறினாத் தட்டு கவுந்துடும். தொப்பையப் பாருங்க… சம்பந்தி, ஒண்ணு கேக்கவா?

பெண்ணின் அம்மா: கேளுங்க.

பையனின் அம்மா: கேட்டாத் தப்பா எடுத்துக்கக் கூடாது.

பெண்ணின் அம்மா: …கேளுங்க.

பையனின் அம்மா: காலைல துவைக்கப் போடலாம்னு போனேன். உங்க பொண்ணோட தலகாணியும் போர்வையும் அந்தச் சின்ன ரூம்ல இருந்துது.

பெண்ணின் அம்மா: அதுவா! அது… உங்க பையன் குறட்டை விடறாராம். இவளுக்குத் தூக்கம் வர்றதில்லையாம். அதான்.

பையனின் அம்மா: ஓ. இருக்கும் இருக்கும். அவங்கப்பாவும் அப்படித்தான். லாரி ஏத்தம் ஏறுற மாதிரி இருக்கும்.

பெண்ணின் அம்மா: பாத்தீங்களா? பரம்பரை.

பையனின் அம்மா: ஆமா ஆமா.

பெண்ணின் அம்மா: நானும் ஒண்ணு பாத்தேன். ஹால்ல, சோபாவுக்கு மேல, அவங்க கல்யாண ஃபோட்டோ மாட்டியிருக்குமே… ஆணி மட்டும் இருக்கு.

பையனின் அம்மா: அது பெயிண்ட் அடிக்கப் போறாங்கள்ல.

பெண்ணின் அம்மா: இந்தக் குளிர்லயா? பெயிண்ட் காயுமா?

பையனின் அம்மா: இப்பல்லாம் குளிர்ல காயற பெயிண்ட் வந்திருக்காம்.

பெண்ணின் அம்மா: ஓஹோ. எல்லாம் வந்துடுச்சு.

பையனின் அம்மா: நல்லவேளை அந்த ஃபோட்டோவக் கழட்டினாங்கன்னு உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமே. உங்க முகம் பாதிதானே அதுல தெரியும்!

பெண்ணின் அம்மா: ஏன் தெரியல? யாரு முன்னாடி வந்து நின்னது? ஃபோட்டோக்காரர் "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினார். நகர்ந்தீங்களா?

பையனின் அம்மா: என் பையன் கல்யாணம். நான் நடுவுல நிக்காம வாசல்லயா நிப்பேன்?

பெண்ணின் அம்மா: அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். இந்தப் பொம்பளையோட எனக்கு ஜென்மத்துக்கும் ஒத்துப் போகாதுன்னு.

பையனின் அம்மா: நானும் எங்க வீட்டுக்காரர்கிட்ட அதையேதான் சொன்னேன். அவர் அப்ப இருந்தார்… "நீ என்ன அந்தம்மாவோடயா குடும்பம் நடத்தப் போற"ன்னு கேட்டார்.

பெண்ணின் அம்மா: நியாயமான கேள்வி.

பையனின் அம்மா: ரொம்ப நியாயமான மனுஷன்… சம்பந்தி, அந்தக் கிளையில பாருங்களேன். நம்ம செங்கல் சட்டை திரும்பி…

பெண்ணின் அம்மா: ஐயோ! என்னங்க சத்தம் அது?

பையனின் அம்மா: சன்னல் கண்ணாடில… வந்து மோதிடுச்சு. நேரா பறந்து வந்து மோதிடுச்சு!

பெண்ணின் அம்மா: எங்க விழுந்துது? தள்ளுங்க, கதவத் திறக்கறேன்.

பையனின் அம்மா: செருப்பு! சாக்ஸோட இறங்காதீங்க, வழுக்கும்!

பெண்ணின் அம்மா: செருப்பத் தேடிக்கிட்டு நிக்கறதுக்குள்ள பூனை தூக்கிடும்… கையப் பிடிங்க. விட்டுடாதீங்க.

பையனின் அம்மா: பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். மெதுவா. அந்தப் படியில ஐஸ் இருக்கு.

பெண்ணின் அம்மா: இதோ இருக்கு… பாவம்ங்க. ஒருக்களிச்சுக் கிடக்கு. கண்ணு பாதி மூடியிருக்கு.

பையனின் அம்மா: உயிர் இருக்கா?

பெண்ணின் அம்மா: இருங்க… கையில எடுக்கறேன்… கனமே இல்லீங்க. ஒரு நூல்கண்டு கனம்கூட இல்ல. வாய் திறந்திருக்கு. நெஞ்சு… அடிக்குது. அடிக்குதுங்க! மெஷின் ஓடுற மாதிரி அடிக்குது.

பையனின் அம்மா: உள்ள வாங்க, உள்ள வாங்க. கதவ மூடறேன்.

பெண்ணின் அம்மா: வாயில ரெண்டு சொட்டு தண்ணி விடலாமா?

பையனின் அம்மா: வேண்டாம். புரையேறிடும். இருட்டா ஒரு பெட்டியில வெச்சு, சத்தம் போடாம விட்டுட்டாப் போதும், தானாத் தெளிஞ்சுடும். உங்க பொண்ணு போன வருஷம் இப்படி ஒண்ணத் தேத்தி அனுப்பினாளாம்.

பெண்ணின் அம்மா: என்கிட்ட சொல்லவேயில்லையே.

பையனின் அம்மா: ஃபோன்ல பேச்சுவாக்குல சொன்னா… நீங்க இப்படியே மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. நான் பெட்டி எடுத்துட்டு வரேன்.

பெண்ணின் அம்மா: வாசல் நடையில அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்காங்களே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க… துண்டும்! ஒரு துண்டும் எடுத்துட்டு வாங்க! …சரிடா ராஜா, சரிடா. பயப்படாத. கண்ணாடின்னு தெரியாம வந்துட்ட. உள்ள செடி இருக்கு, வெளிச்சம் இருக்கு, வழி இருக்குன்னு நினைச்சுட்ட… என்னங்க, பெட்டி செய்யவா போயிருக்கீங்க? எவ்வளவு நேரம்?

பையனின் அம்மா: வந்துட்டேன். இந்தாங்க.

பெண்ணின் அம்மா: இது ஷூ பெட்டி. அத்தனை பெரிய பெட்டி இருந்துதே?

பையனின் அம்மா: அதெல்லாம்… டேப் போட்டு ஒட்டியிருக்கு.

பெண்ணின் அம்மா: அதுல பழைய துணி, யாருக்காவது குடுக்கறதுக்குன்னு சொன்னாளே.

பையனின் அம்மா: அதான். பழைய துணிதான். பறந்துடக் கூடாதுன்னு ஒட்டியிருப்பாங்க.

பெண்ணின் அம்மா: துணி பறக்குமா?

பையனின் அம்மா: …பறவைய உள்ள வைங்க.

பெண்ணின் அம்மா: வெச்சுட்டேன். துண்ட இப்படி ரெண்டு பக்கமும் அணைச்சாப்புல… ம். மூடி போடுங்க. மூச்சுக்கு ஓட்டை?

பையனின் அம்மா: கத்திரிக்கோலால ரெண்டு மூணு குத்திட்டேன்.

பெண்ணின் அம்மா: இனிமே?

பையனின் அம்மா: இனிமே ஒண்ணுமில்ல. உக்காந்திருக்க வேண்டியதுதான்.

பெண்ணின் அம்மா: செத்துடுமா?

பையனின் அம்மா: தெரியல. கழுத்து முறிஞ்சிருந்தாப் போயிடும். அதிர்ச்சி மட்டும்னாப் பிழைச்சுக்கும்.

பெண்ணின் அம்மா: உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு நிதானம்? என் கையப் பாருங்க, இன்னும் நடுங்குது.

பையனின் அம்மா: உங்க கை நடுங்கலாமா? என் கண் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ, இதே கைதான் ஒரு சொட்டு சிந்தாம மருந்து ஊத்துச்சு. அப்ப ஒரு நடுக்கமும் இல்லையே?

பெண்ணின் அம்மா: உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் கண்ண மூடிக்கிட்டிருந்தீங்களே.

பையனின் அம்மா: நடுங்குச்சா?

பெண்ணின் அம்மா: பின்ன? முந்தின மாசம் வரைக்கும் முகம் குடுத்துப் பேசாத சம்பந்தி. கண்ணுல மருந்து மாறி ஊத்திட்டேன்னா, வேணும்னே பண்ணினேன்னு கேஸ் போட்டிருப்பீங்க.

பையனின் அம்மா: போட்டிருப்பேன். கண்டிப்பா போட்டிருப்பேன்.

பெண்ணின் அம்மா: சிரிக்காதீங்க, சத்தம் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.

பையனின் அம்மா: அப்ப எதுக்கு வந்தீங்க? யாரும் உங்களக் கூப்பிடலையே.

பெண்ணின் அம்மா: பசங்க ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கல. ஆஸ்பத்திரில இருந்து தனியா வந்து, ஒத்தக் கண்ணக் கட்டிக்கிட்டு, அடுப்பு பத்த வெப்பீங்களேன்னு நினைச்சேன். நினைச்சதும் தூக்கம் வரல. பையத் தூக்கிட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் கேட்டார், "உனக்கும் அந்தம்மாவுக்கும்தான் ஆகாதே"ன்னு.

பையனின் அம்மா: என்ன சொன்னீங்க?

பெண்ணின் அம்மா: ஆகலைன்னா என்ன, அடுப்புக்கு அது தெரியுமான்னு கேட்டேன்.

பையனின் அம்மா: …அதுக்கப்புறம்தானே தினமும் சாயங்காலம் ஃபோன்.

பெண்ணின் அம்மா: தினமும்தான். எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுடுவார், "எக்ஸ்சேஞ்ச் லைன்ல வந்துடுச்சு"ன்னு.

பையனின் அம்மா: எனக்கு அந்த நேரத்துல வீட்டுல வேற சத்தமே கிடையாது. ஃபோன் மணியடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்.

பெண்ணின் அம்மா: தெரியும். அதனாலதான் ஒரு நாளும் தப்ப விட்டதில்ல… என்னங்க, பெட்டிக்குள்ள சத்தம் கேக்குதா?

பையனின் அம்மா: இருங்க… கேக்குது. பிராண்டுது.

பெண்ணின் அம்மா: திறக்கவா?

பையனின் அம்மா: இங்க வேண்டாம். சமையல்கட்டு பூரா பறந்தா பிடிக்க முடியாது. வெளிய கொண்டு போவோம். இந்தத் தடவ செருப்பு போட்டுக்குங்க, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

பெண்ணின் அம்மா: போட்டாச்சு, போட்டாச்சு. என்னா குளிரு! …நீங்க திறங்க.

பையனின் அம்மா: நீங்கதானே எடுத்தீங்க. நீங்களே திறங்க.

பெண்ணின் அம்மா: சரி… முழிச்சுப் பாக்குதுங்க! குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு என்னயே பாக்குது. போடா, போ… போக மாட்டேங்குதே.

பையனின் அம்மா: அவசரப்படுத்தாதீங்க. அதுவா எழுந்திருக்கட்டும்.

பெண்ணின் அம்மா: பெட்டி விளிம்புல ஏறிடுச்சு… என் கையில… என் கையில ஏறிடுச்சுங்க! நகம் குளுகுளுன்னு இருக்கு… ஆ! போயிடுச்சு!

பையனின் அம்மா: மரத்துல பாருங்க, மேல் கிளையில. ரெக்கைய உதறி உதறிச் சரி பண்ணிக்குது.

பெண்ணின் அம்மா: பொழைச்சுக்கிச்சு.

பையனின் அம்மா: பொழைச்சுக்கிச்சு. உங்க ஸ்வெட்டர் கையப் பாருங்க.

பெண்ணின் அம்மா: என்ன? …அட நாசமாப் போறவனே! நன்றி சொல்ற லட்சணமா இது?

பையனின் அம்மா: உள்ள வாங்க, தொடச்சு விடறேன். குழாயில வெந்நீர் வருது.

பெண்ணின் அம்மா: நான் அந்தக் கண்ணாடில ஏதாவது ஒட்டப் போறேன். பேப்பர், ரிப்பன், எதையாவது. இன்னொண்ணு வந்து மோதக் கூடாது… இருங்க, ஃபோன். என் ஃபோன்தான். எங்க வெச்சேன்?

பையனின் அம்மா: பிரெட் டப்பா மேல.

பெண்ணின் அம்மா: ஹலோ… ஆ, சொல்லுங்க மாப்பிள்ளை… ம். முடிஞ்சுதா? …சரி… அவ பக்கத்துல இருக்காளா? …ம்… இல்ல. இன்னும் இல்ல… எப்படிங்க? நேரம் அமையலையே… சரி. சரி, பாக்கறேன். ரோடெல்லாம் வழுக்கும், பாத்து ஓட்டுங்க.

பையனின் அம்மா: என் பையன் எனக்கு ஃபோன் பண்ணாம உங்களுக்குப் பண்றானா?

பெண்ணின் அம்மா: உங்க ஃபோன் கிடைக்கலையாம்.

பையனின் அம்மா: என் ஃபோன் என் கையில இருக்கு. மணியே அடிக்கல.

பெண்ணின் அம்மா: …கிளம்பிட்டாங்களாம். வந்துடுவாங்க.

பையனின் அம்மா: சம்பந்தி.

பெண்ணின் அம்மா: ம்.

பையனின் அம்மா: நான் பாதி ஆயுசு அடுத்தவங்க குரலக் கேட்டே ஓட்டினவ. "இன்னும் இல்ல"ன்னு சொன்னப்போ உங்க குரல் இறங்கிடுச்சு.

பெண்ணின் அம்மா: குளிருங்க.

பையனின் அம்மா: சரி, குளிருதான்.

பெண்ணின் அம்மா: …உக்காருங்க. இப்படி, இந்த நாற்காலில. நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்தாங்க, டம்ளர்ல தண்ணி இருக்கு.

பையனின் அம்மா: எனக்குத் தாகம் இல்லையே.

பெண்ணின் அம்மா: பரவாயில்ல, பக்கத்துல இருக்கட்டும்… சம்பந்தி, சின்ன ரூம்ல தலகாணி இருந்தது குறட்டைக்காக இல்ல.

பையனின் அம்மா: ம்.

பெண்ணின் அம்மா: பெட்டில பழைய துணி இல்ல. பசங்க ரெண்டு பேரும்… பிரியறாங்க. முடிவு பண்ணிட்டாங்க. இன்னிக்கு வக்கீலப் பாக்கத்தான் போனாங்க. இந்த வீட்டையும் காலி பண்றாங்க.

பையனின் அம்மா: உங்களுக்கு யாரு சொன்னது?

பெண்ணின் அம்மா: உங்க பையன்தான் எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார். "எங்கம்மா முகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல அத்தை. தனியா இருக்கறவங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சொன்னாத் தாங்கிக்குவாங்க"ன்னு அழுதார். அதுக்காகத்தான் வந்தேன். வந்த அன்னிக்கே சொல்லிடணும்னுதான் வந்தேன். உங்க முகத்தப் பாத்ததும் வாய் வரல.

பையனின் அம்மா: சண்டையா அவங்களுக்குள்ள?

பெண்ணின் அம்மா: சண்டை போட்டிருந்தா சமாதானம் பண்ணி வெச்சிருக்கலாமே. சண்டையே கிடையாதாம். பேச்சும் கிடையாதாம். "ஒரு கெட்டதும் நடக்கல அத்தை, ஆனா நல்லதும் ஒண்ணும் மிச்சமில்ல"ன்னார். நான் என்னத்தச் சொல்ல?

பையனின் அம்மா: ம்…

பெண்ணின் அம்மா: திட்டணும்னாத் திட்டிடுங்க. என் பொண்ணத் திட்டுங்க. வளத்த லட்சணம்னு என்னத் திட்டுங்க. கேட்டுக்கறேன்.

பையனின் அம்மா: அவளத் திட்ட எனக்கு வாய் வராது சம்பந்தி. நீங்க வேணா என் பையனத் திட்டிக்குங்க.

பெண்ணின் அம்மா: எனக்கும் வரல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். அந்தப் பிள்ளை ஃபோன்ல அழுத அழுகைக்கு… நான் ஒண்ணு யோசிச்சேன். சிரிக்கக் கூடாது.

பையனின் அம்மா: சொல்லுங்க.

பெண்ணின் அம்மா: நம்மள்ல யாராவது நெஞ்சுவலின்னு படுத்துட்டா?

பையனின் அம்மா: யாரு படுக்கறது?

பெண்ணின் அம்மா: நீங்கதான். உங்களுக்குத்தான் நடிப்பு நல்லா வரும்.

பையனின் அம்மா: படுத்தா என்ன ஆகும்? நமக்காக இன்னும் ஒரு வருஷம் ஒரே மேஜையில எதிரெதிரா உக்காந்து, பேசாம சாப்பிடுவாங்க. அதப் பாக்கவா நாம பொழைச்சு எழுந்திருக்கணும்? வேண்டாம், விட்டுடுங்க.

பெண்ணின் அம்மா: விட்டுட்டா… அப்புறம் நாம?

பையனின் அம்மா: நாம என்ன?

பெண்ணின் அம்மா: அவங்க ரெண்டு பேரும் யாரோன்னு ஆயிட்டா, நீங்களும் நானும் யாரு? உங்கள நான் எப்படி சம்பந்தின்னு கூப்பிடறது?

பையனின் அம்மா: ஏன், எனக்குன்னு ஒரு பேர் இல்லையா?

பெண்ணின் அம்மா: இருக்கு. கல்யாணப் பத்திரிகையில அடிச்சோமே. ஆனா ஒரு தடவகூட அதச் சொல்லி உங்களக் கூப்பிட்டதில்ல. நாக்கு திரும்பாது.

பையனின் அம்மா: திரும்பலைன்னாப் பழையபடியே கூப்பிடுங்க. யாராவது கேட்டா, கோர்ட்டுல நம்ம ரெண்டு பேரையும் யாரும் பிரிச்சு விடலைன்னு சொல்லிக்கலாம்.

பெண்ணின் அம்மா: …என்னங்க நீங்க.

பையனின் அம்மா: அழாதீங்க. இந்தாங்க, தண்ணி. எனக்குன்னு வெச்சீங்க, நீங்களே குடிங்க.

பெண்ணின் அம்மா: எல்லாம் தலைகீழா நடக்குது. நான் ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு ஒத்திகை பாத்தேன். நீங்க மயக்கம் போடுவீங்க, முகத்துல தண்ணி தெளிக்கணும், அழுவீங்க, கட்டிப் பிடிச்சுக்கணும்னு. நீங்க என்னடான்னா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. "என்னது"ன்னு ஒரு வார்த்தை கேக்கல… என்னப் பாருங்க. சன்னலப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

பையனின் அம்மா: போன மாசமே தெரியும். உங்க பொண்ணுதான் சொன்னா. "எங்கம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல அத்தை, நீங்க வந்து பக்குவமாச் சொல்லிடுங்க"ன்னு ஃபோன்ல ஒரே அழுகை. அதுக்குத்தான் நான் உங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தேன். தினமும் சொல்லணும்னுதான் இந்தக் கண்ணாடிக்கிட்ட உங்களக் கூப்பிடுவேன். கூப்பிட்டுட்டு, அதோ ஸ்கூல் பஸ், அதோ ஆடிட்டர்னு எதையாவது காட்டிடுவேன்… நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு… சொல்லிட்டா மறுநாளே நீங்க பையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுவீங்கல்ல?